மண் பிரிவின் தலைவர் முனியாண்டி

"லோகா, நம்ம டாக்டர் முனியாண்டி மாதிரி ஒரு தலைவரை நான் பார்த்ததே இல்லை" என்றார் டாக்டர் ரோஹாயா.

ஆராய்ச்சி நிலையத்தின் கேண்டீனில் பசியாறிக்கொண்டிருந்தோம். என் வலது கை முழுவதும் பருப்புக் குழம்பு. எதிரே உட்கார்ந்திருந்த ரோஹாயா மண் பிரிவின் மூத்த ஆய்வாளர். மலாயில்தான் பேசினார். வாசகர் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

"பையனுக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டிருந்தேன். உடனே கொடுத்துட்டார். அதோட விடலை. சாயங்காலம் போன் பண்ணி, காய்ச்சல் இறங்கிச்சா, கஞ்சி குடிச்சானான்னு கேக்குறார்! இத்தனை வருஷத்துல எந்த பாஸ் கேட்டிருக்கார், சொல்லு. எளிமையான மனுசர் போல. பின்னால ஒரு கோழி கூவிக்கிட்டே இருந்துச்சு."

அந்தக் கோழியை எனக்குத் தெரியும். நேரங்கெட்ட நேரத்தில் கூவுவதற்கென்றே பிறந்த கோழி. எங்கள் வீட்டுக் கோழி.

முனியாண்டி என் அப்பா. அவர் டாக்டர் இல்லை. மண் பிரிவின் தலைவரும் இல்லை. பாச்சாங்கில் மேசை நாற்காலி அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கில் பகல் ஜாகா, அதாவது காவலாளி. மண்ணோடு அவருக்கு இருந்த கடைசிச் சம்பந்தம், போன மழையில் மோட்டாரோடு சறுக்கி விழுந்ததுதான்.

ரொட்டி சானாயோடு எனக்கு விக்கல் எடுத்தது.

பாதி வெந்ததைப் பரிமாறுவது

நான் வேலை செய்யும் இடத்தின் பெயரை இந்தத் தொடரில் எங்கேயும் சொன்னதில்லை. இன்றும் சொல்லப்போவதில்லை. மண், மரம், பூச்சி, எண்ணெய் என்று தோட்டப் பயிர்களை ஆராயும் பெரிய நிறுவனம். தலைமையகம் கோலாலம்பூர் பக்கம். எங்கள் மலாக்காக் கிளையே ஒரு சின்னப் பட்டணம் அளவு இருக்கும். இந்தக் கட்டடத்துக்காரருக்கு அந்தக் கட்டடத்துக்காரரைத் தெரியாது. ஏதாவது கல்யாணத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்த பிறகுதான், "ஓ, நீங்களும் அங்கதானா?" என்பார்கள்.

கணினிக்கு நாங்கள் மூன்று பேர். மேலே புவான் (திருமதி) சல்மா. அவருக்குக் கீழே ஃபைசாலும் நானும். சல்மா நிரந்தரம். நாங்கள் இருவரும் ஒப்பந்தம். எங்கள் அறை முன்பு மண் மூட்டைகளை அடுக்கி வைத்த அறை. அறை மண் கட்டடத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக நிர்வாகக் கணக்கில் எங்களையும் மண் பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். இன்றும் என் விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் செம்மண் கொட்டும்.

நிலையத்து ஆட்கள் மட்டும் பயன்படுத்தும் வலைச் செயலிகளை எழுதுவதே எங்கள் வேலை. எந்தப் பிரிவுக்கு எந்த வண்டி, கூட்ட அறை யாருக்கு, உறைபெட்டியில் யாருடைய இலை எந்தத் தட்டில் என்று வெளியுலகம் கவலைப்படாத எல்லாவற்றுக்கும் ஒரு செயலி.

ஒருமுறை எங்கள் இயக்குநர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். மற்றவர்கள் அங்கிருந்து பையும் பேனாவும் கொண்டுவருவார்கள். இவர் 'வேகம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு செயலி வேண்டும் என்றார். முழுதாகச் செய்யும்வரை காத்திருக்கக் கூடாதாம். பாதி வெந்ததைத் தட்டில் வைத்து, "உப்பு சரியா?" என்று கேட்டு, சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்து மிச்சத்தை வேகவைக்க வேண்டுமாம்.

அப்படித்தான் செய்தோம். எங்கள் முதல் செயலியில் ஊழியரின் பெயரையே அவர் பக்கத்துக்கு முகவரியாக வைத்தோம். மலாய்க்காரர்களுக்கு ஓடியது, சீனர்களுக்கு ஓடியது. தமிழர் ஒருவருக்கும் திறக்கவில்லை. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'மகன்', 'மகள்' என்று சொல்ல நிற்கும் ஏ/எல், ஏ/பி-யின் சாய்கோட்டைக் கண்டதும், கணினி அதை வேறு தெரு என்று நினைத்துப் போய்விட்டது. அந்தச் செயலியை எழுதியவன் லோகநாதன் ஏ/எல் முனியாண்டி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா எங்கள் ஊர் மெர்லிமாவ் முழுக்க என்னை 'கவர்மெண்ட் நிரந்தரம்' என்று சொல்லிவைத்திருந்தார். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். நிரந்தரம் ஆகவில்லை என்பது எங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியும். ரோஹாயா கேண்டீனில் பேசிய அந்த மாதக் கடைசிக்குள் என் வேலை உறுதியாக வேண்டும். ஆகாவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும். என் வேலையைச் செய்ய வெளிக் கம்பெனி ஒன்று சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றது.

டாக்டர் லெட்சுமி, பூச்சிப் பிரிவு

கேண்டீனில் எனக்கு விக்கல் எடுத்த கதை சில வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது.

லீவு கேட்பதற்கு ஒரு செயலி வேண்டும் என்றார்கள். ஊழியர் காரணத்தை எழுதி அனுப்புவார். அது பிரிவுத் தலைவரின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் போகும். (இதழாசிரியருக்குப் பிடித்த மாதிரி சொன்னால், புலனத்தில்.) அதில் பச்சைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று. பச்சையை அழுத்தினால் லீவு உண்டு. சிவப்பை அழுத்தினால் இல்லை.

எழுதி முடித்ததும் ஓட்டிப் பார்க்கப் பொய்ப் பெயர்கள் வேண்டும். ஃபைசால் எப்போதும் தன் ஊர்க் கம்பத்துக் கால்பந்துக் குழுவையே போடுவான். நான் குடும்பத்தைப் போடுவேன். எல்லாருக்கும் முன்னால் தாராளமாக ஒரு 'டாக்டர்'. அம்மா, டாக்டர் லெட்சுமி, பூச்சிப் பிரிவுத் தலைவர். கரப்பான்பூச்சியைக் கண்டால் அவர் செருப்பைத் தூக்கும் வேகத்துக்கு அந்தப் பதவி தகும். பெரியப்பா எண்ணெய்ப் பிரிவு. அப்பா மண்.

செய்தி உண்மையிலேயே போகிறதா என்று பார்க்க நிஜமான ஒரு கைப்பேசி எண்ணும் தேவைப்பட்டது. அப்பாவின் எண்ணைப் போட்டேன்.

"அப்பா, போனுக்கு ஒரு மெசேஜ் வரும். பச்சையை அமுக்குங்க."

"அமுக்குனா என்னாவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாததுக்கு எதுக்குடா அமுக்கணும்?"

"ஆபீஸ் வேலைப்பா."

"அதை மொதல்ல சொல்லு" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் இயக்குநருக்குக் காட்டினோம். பெரிய திரையில் டாக்டர் லெட்சுமியும் டாக்டர் முனியாண்டியும் மின்னினார்கள். இயக்குநருக்கு உப்பு, உறைப்பு எல்லாம் சரியாக இருந்தது.

"அழகா இருக்கு. திங்கள்கிழமையிலிருந்து எல்லாரும் இதையே பயன்படுத்தட்டும்."

"துவான், இது காட்டுறதுக்கு மட்டும் செஞ்சது" என்றார் சல்மா.

"ஓடுதுதானே?"

"ஓடுது."

"அப்புறம் என்னலா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து நிஜ ஆட்களின் விவரங்களைப் பொய் ஆட்களின் மேல் ஏற்றினோம். பூச்சிப் பிரிவில் நிஜத் தலைவர் வந்து உட்கார்ந்ததும் அம்மா மறைந்தார். எண்ணெய்ப் பிரிவில் பெரியப்பா மறைந்தார். மண் பிரிவில் மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை. அந்தப் பிரிவுக்குத் தலைவரே இல்லை. பழையவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவரைத் தலைமையகம் 'பரிசீலித்துக்கொண்டு' இருந்தது. ஏற்றுவதற்கு ஆள் இல்லாததால் இருந்த ஆள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்.

திங்கள் காலையில் மண் பிரிவுக்காரர்கள் செயலியைத் திறந்தார்கள். தலைவர்: டாக்டர் முனியாண்டி. ஒருவர்கூட, யார் இவர் என்று கேட்கவில்லை. தலைமையகம் தற்காலிகமாக யாரையோ போட்டிருக்கிறது, முகம் காட்டாத வழக்கமான ஆசாமி என்று நினைத்துக்கொண்டார்கள். பெரிய நிறுவனத்தில் புதிய தலைவர் அப்படித்தான் வருவார், திரையில் ஒரு பெயராக. என் பெயரோடு சேர்த்துப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மலாக்காவில் முனியாண்டிகளுக்கா பஞ்சம்?

"லீவுதானே கேக்குறான்?"

கேண்டீனில் விக்கிய அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அப்பா மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தார். கோழி சீட்டின் மேல் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, ரோஹாயான்னு யாருக்காச்சும் போன் பண்ணீங்களா?"

"டெங்கி இல்லையாம்டா, சாதாக் காய்ச்சல்தான். ஏன், திரும்ப வந்துருச்சா?"

"அவங்களுக்கு எதுக்குப்பா போன் பண்ணீங்க?"

"புள்ளைக்குக் காய்ச்சல்னு போட்டு லீவு கேக்குறாங்க. அமுக்கிட்டுக் கம்முனு இருக்க முடியுமா? அவங்க நம்பரை வேற கீழே போட்டு வெச்சிருக்க."

"அது சும்மா ஒரு தகவலுக்குப்பா."

"நானும் தகவலுக்குத்தான் கேட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உங்கப்பாவுக்கு இப்பல்லாம் டிவி நாடகம் வேணாம்டா. அந்த ஆபீஸ்காரங்க கதைதான். ஹபீப்னு எவனோ ஒருத்தன். அவன் மாமியாருக்குக் கண்ணு ஆப்பரேசனாம். இவரு சோத்தை வெச்சிக்கிட்டு ரோசனை பண்றாரு."

"ரெண்டு கண்ணும்ல?" என்றார் அப்பா.

முன்பு தோட்டத் தொழிலாளியாக இருந்த அப்பாவுக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். எழுத்துக் கூட்டிப் படிப்பார். காய்ச்சல், பிள்ளை, ஆஸ்பத்திரி என்பதெல்லாம் எந்த மொழியிலும் அவருக்குப் புரியும். 'சொந்த வேலை' என்று எழுதியவர்களையும் அவர் விடவில்லை. கூப்பிட்டு, "என்ன சொந்த வேலை?" என்று விசாரித்திருக்கிறார். ஒருவன் மீன் பிடிக்கப் போவதாக உண்மையைச் சொல்லிவிட்டானாம். "கெடச்சுதான்னு அப்புறம் சொல்லு" என்று பச்சையை அழுத்தியிருக்கிறார்.

"சிவப்பை அமுக்குனதே இல்லையாப்பா?"

"எதுக்கு? லீவுதானே கேக்குறான், யானையா கேக்குறான்?"

தோட்டத்தில் லீவு கேட்பது எப்படி என்று இளம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கேட்க வேண்டும். மனைவிக்கு வலியோ, மாமனார் சாவோ, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கிராணி மூக்கைச் சொறிந்தபடி "பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். என்னை இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்க்க வேண்டிய நாளிலும் கிராணி அப்பாவிடம் மூக்கைத்தான் சொறிந்தாராம். பக்கத்து வீட்டு மாமாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா இதை ஒருபோதும் சோகமாகச் சொன்னதில்லை. கிராணி மாதிரியே மூக்கைச் சொறிந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பார்.

எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது

மறுநாள் சல்மாவிடம் சொன்னேன். அவர் முக்காட்டைச் சரிசெய்தார். அவர் முக்காட்டில் கைவைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஜாகா" என்றார்.

"ஆமாம், புவான்."

"ஆராய்ச்சியாளர்களுக்கு லீவு கொடுத்துக்கிட்டிருக்கார்."

"ஆமாம், புவான்."

"எல்லாருக்கும்."

ஃபைசால் மேசைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

அப்பாவை உடனே எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் அந்த இடம் காலியாகும். காலியானால் மண் பிரிவில் யார் கேட்ட லீவும் நகராது. வேறு ஆளைப் போட இயக்குநரின் உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்டால், "இத்தனை நாள் யார் கொடுத்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மறுநிமிடம் எனக்கும் ஃபைசாலுக்கும் வேலை போகும், வெளிக் கம்பெனி உள்ளே வரும்.

"அங்கிள் நல்லாத்தானே வேலை பாக்குறார்?" என்றான் ஃபைசால், மேசைக்குக் கீழேயிருந்து. "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். நாம நிரந்தரம் ஆனதும் ரிட்டயர் பண்ணிடலாம்."

வேறு வழி தெரியவில்லை. விட்டுவிட்டோம்.

ஆனால், 'வேகம்' எங்களை விடவில்லை. லீவுச் செயலி ஓடுவதைப் பார்த்து மயங்கிய இயக்குநர், பிரிவுத் தலைவர் சம்மதம் தர வேண்டிய எல்லாமே இனி அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையை உறுதிசெய்வதும் அதில் அடக்கம். அந்தப் பகுதியையும் நானேதான் எழுதினேன், ஒரே வாரத்தில். எழுதும்போதுதான் உறைத்தது. ஃபைசாலும் நானும் மண் பிரிவில்தானே இருக்கிறோம்? எங்கள் இருவரின் கோரிக்கையும் எங்கே போகும்?

பாச்சாங்குக்குப் போகும். கிடங்கு வாசலுக்கு.

சல்மா எங்கள் இருவரையும் பரிந்துரைத்து அனுப்பினார். ஃபைசாலுக்கு உடனே பச்சை விழுந்தது. கையோடு போனும் வந்தது. பேசிவிட்டு வைத்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டார். இல்லன்னேன். சீக்கிரம் பண்ணிக்கோன்னார்."

என் கோரிக்கை அப்படியே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும்.

"தரவுத்தளத்துல ஒரே ஒரு வரி, லோகா" என்றார் சல்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "நான் தேத்தண்ணி வாங்கப் போறேன். வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும்."

அப்பா அழுத்தாமலேயே பச்சை விழவைக்கும் அந்த ஒரு வரி எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால், அப்பா ஏன் அழுத்தவில்லை என்று தெரியாமல் அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல நிரை

"வந்துச்சு. பாத்தேன்" என்றார் அப்பா.

"அப்புறம் ஏம்பா அமுக்கலை?"

"உன் பேருக்குப் பின்னாலயே என் பேரு நிக்குது. அதை நானே எப்படிடா அமுக்குறது?"

அம்மா அகப்பையோடு வெளியே வந்தார். "என்னா சொன்னீங்க?"

"எங்களை வேலை வாங்குன சுப்பையா மண்டோரை மறந்துட்டியா? அவர் மவனுக்கு மட்டும் வேலைக்குச் சமதரையில மர நிரை, எங்களுக்கெல்லாம் மேட்டுல. எத்தனை வருசம் அந்தாளைத் திட்டியிருக்கோம்? அந்தாளு எழவுல உக்காந்துகூட அதைத்தான் பேசுனோம்."

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அமுக்குவீங்க! மீன் புடிக்கப் போறவனுக்கு அமுக்குவீங்க! பெத்த புள்ளைக்கு அமுக்கக் கை வலிக்குதா? நிரந்தரம்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்!"

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"யாருக்குத் தெரியப்போவுது? அமுக்குங்க!"

"நாளைக்கு அந்த ரோஹாயா கேட்டா என்னா சொல்லுவேன்? இவன் வேலை நல்லா செய்றானா, செய்யலையான்னே எனக்குத் தெரியாதே. வீட்ல பிளேட்டைக்கூடக் கழுவ மாட்டான்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"யாருக்குப்பா?"

"அந்தம்மாவுக்குத்தான். அவங்க அங்க இருக்கவங்க, அவங்களுக்குத் தெரியும். அவங்க சொல்லட்டும்."

நான் பாய்வதற்குள் மணி அடித்துவிட்டது. அப்பா கைப்பேசியை எப்போதும் வாய்க்கு நேரே நீட்டி, ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவார். தெருவே கேட்கும்.

"ஹலோ மேடம். பையன் நல்லா இருக்கானா? நல்லது. மேடம், அங்க லோகநாதன்னு ஒரு பையன். அவன் வேலை எப்படி?"

"லோகாவா? நல்ல பையன், டாக்டர். கொஞ்சம் அவசரக்காரன். ஏன்?"

"நான் டாக்டர் இல்ல, மேடம். பாச்சாங்குல ஜாகா. லோகா என் மவன். அவனுக்கு நானே அமுக்குனா நல்லா இருக்காது. அதான் உங்களைக் கேக்குறேன்."

அம்மா அகப்பையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கோழி மட்டும் கூவியது.

மாற்றலாகிப் போகிறார்

காலையில் இயக்குநர் அறையில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றோம். ரோஹாயாவும் அங்கே இருந்தார். எல்லாவற்றையும் அவர் சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னாரா, பாவம் பார்த்துச் சொன்னாரா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இது தலைமையகத்துக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார் இயக்குநர். வாக்கியத்தை முடிக்காமலேயே அதன் முடிவில் தான் நிற்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காட்டுவதற்குச் செய்ததைத் திங்கள்கிழமையே ஓட்டச் சொன்னவர் அவர்தானே?

அடுத்த அரைமணி நேரத்தில், அத்தனை மாதம் பரிசீலனையில் இருந்த காரியம் முடிந்தது. ரோஹாயா மண் பிரிவின் தற்காலிகத் தலைவர். அதுவரை கொடுத்த லீவெல்லாம் செல்லும். டாக்டர் முனியாண்டி மாற்றலாகிப் போகிறார்.

"எங்க மாத்தல்னு போடுறது, துவான்?" என்றார் சல்மா.

"உண்மையையே போடு. பாச்சாங்" என்றார் இயக்குநர்.

மண் பிரிவில் சிலர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், தன் குடும்ப விவகாரத்தையெல்லாம் ஒரு ஜாகாவிடம் சொல்லிவிட்டோமே என்று சில நாள் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், மாற்றலாகிப் போகும் தலைவரை விருந்து இல்லாமல் அனுப்பும் வழக்கம் எங்கள் நிலையத்தில் இல்லை. ஹபீப்தான் ஏற்பாடு செய்தான். மாதக் கடைசி நாள், வேலை முடிந்ததும், உம்பாய்க் கடற்கரையில் இக்கான் பாக்கார், சுட்ட மீன்.

என் கோரிக்கை இப்போது ரோஹாயாவிடம் இருந்தது. அவரும் அழுத்தவில்லை. நேரில் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் கேள்வி நின்றது. அவர் "பெலும் லாகி", இன்னும் இல்லை என்று சொல்லிக் கடந்துபோவார். மாதக் கடைசியும் வந்துவிட்டது. அன்று இரவுக்குள் பச்சை விழ வேண்டும். இல்லாவிட்டால் விடிந்ததும் எனக்கு வேலை இல்லை.

உம்பாய்

அப்பா தீபாவளிச் சட்டையில் வந்தார். அம்மா வர மறுத்துவிட்டார். புகையும் கடல் காற்றும் மாறி மாறி முகத்தில் அடித்தன. மண் பிரிவே எழுந்து நின்று அப்பாவின் கையைக் குலுக்கியது. அப்பா குரல்களை வைத்து ஒவ்வொருவராக அடையாளம் கண்டார். "நீ ஹபீப். மாமியாருக்கு ரெண்டாவது கண்ணு ஆச்சா?" மீன் பிடித்தவனையும் கண்டுபிடித்துவிட்டார். அவனுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லையாம்.

யாரும் எதிர்பார்க்காமல் இயக்குநரும் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா அவரைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க எந்தப் பிரிவு? உங்க பேரு வந்ததே இல்லையே?"

"நான் இயக்குநர், அங்கிள். என் லீவுக்கு இங்க யாரும் இல்லை. தலைமையகத்துல கேக்கணும்."

"கேட்டீங்களா?"

"நேரமே இல்லை."

"பாவம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, சொத்தோங் கணவாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளினார் அப்பா.

நான் மீனைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தேன். ரோஹாயா எதிரே உட்கார்ந்து நிதானமாக முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். விரலைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தார்.

"லோகா, ஆளுநர் பிறந்தநாளுக்கு மலாக்காவுல விடுமுறைதானே?"

"ஆமாம், டாக்டர்."

"உன் செயலிக்குத் தெரியலையே. தலைமையகத்து நாட்காட்டியை அப்படியே ஒட்டியிருக்க. அந்த வாரம் லீவு எடுத்தவங்க எல்லாருக்கும் ஒருநாள் கூடுதலா வெட்டியிருக்கு. நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவேன், டாக்டர்."

"உன் அடுத்த பதிப்பு எப்போன்னு எனக்குத் தெரியும். இப்பப் பண்ணு. சரியா இருந்தா அமுக்குறேன். நல்லா வேலை செய்றானான்னு உங்க அப்பா கேட்டார். நான் வாயால சொன்னேன். இப்ப நீ கையால காட்டு."

ஃபைசால் பையிலிருந்து கணினியை எடுத்து, சம்பல் கிண்ணத்தை நகர்த்திவிட்டு என் முன்னால் வைத்தான். என் கை எண்ணெய். டிஷ்யூவில் துடைத்தும் போகவில்லை. பட்டன்கள் வழுக்கின. ஃபைசால் மலாக்கா விடுமுறைகளை ஒவ்வொன்றாகப் படித்தான். நான் ஏற்றினேன். முதல்முறை ஓட்டியபோது ஹபீபுக்கு எதிர்கால லீவையும் சேர்த்து வாரி வழங்கிவிட்டது. ஹபீப் அதை அப்படியே விட்டுவிடச் சொன்னான். திருத்தினேன். கைப்பேசியிலிருந்து இணையம் கடன் வாங்கி, காற்றில் இரண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவை திருத்தம் மேலே ஏறியது.

அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் வேலை செய்து அவர் பார்த்தது அன்றுதான்.

"இம்புட்டுத்தானாடா உன் வேலை?"

"இம்புட்டுத்தான்பா."

"வேர்த்துக் கொட்டுதே."

ரோஹாயா தன் லீவுக் கணக்கைத் திறந்து பார்த்தார். ஹபீபிடம் கைப்பேசியைக் கொடுத்து அவன் கணக்கையும் பார்க்கச் சொன்னார். போயிருந்த ஒருநாள் எல்லாருக்கும் திரும்பி வந்திருந்தது. அவர் திரையை ஒருமுறை அழுத்தினார். என் கைப்பேசி பையில் அதிர்ந்தது: பச்சை.

நான் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். அம்மா போட்ட சத்தம் அடுத்த மேசைச் சீனக் குடும்பத்துக்கும் கேட்டிருக்கும். ஏற்கெனவே நிரந்தரம் என்று சொல்லி வைத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்ற அவருடைய அடுத்த கவலையும் கேட்டிருக்கும்.

அப்பா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

"அந்தம்மா உன்னைச் செய்யச் சொல்லிப் பாத்துட்டுத்தானே அமுக்குனாங்க?"

"ஆமாம்பா. நீங்களும்தான் பாத்தீங்களே."

"அப்ப சரி" என்றார். சியாக்காப் மீனின் தலையைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டார்.